நிழலும் வேண்டும்

முகத்தை முழு வெளிச்சத்தில் காட்டுவதே நல்ல படம் என்ற எண்ணம் நம் குடும்பங்களில் வேரூன்றியிருக்கிறது. ஒரு பக்கம் ஒளிபெற்று மறுபக்கம் இருளில் மறைந்த படத்தைப் பிள்ளைகள் எடுத்துக் காட்டினால், "பாதி முகம் எங்கே?" என்று பெரியவர்கள் கேட்கின்றனர். வீட்டில் மாட்டும் படத்தில் இருள் எதற்கு என்பது அவர்கள் வினா. அதற்கு விடை காண்பதே இத்திங்கள் நம் நோக்கம். தமிழில் இக்கலைக்கு நிழற்படம் என்றே பெயர் வைத்திருக்கிறோம். பெயரில் உள்ள நிழலைப் படத்திலிருந்து விரட்டுவது முறையாகுமா?

இவ்வொளியமைப்பு புகைப்படக் கருவிக்கும் முற்பட்டது. இத்தாலியில் கரவாஜியோவும் (1571–1610), ஹாலந்தில் ரெம்பிராண்டும் (1606–1669) இருண்ட பின்னணியில், ஒரு திசையிலிருந்து வரும் ஒளியில் முகங்களைத் தீட்டினர். ஒளி ஒருபுறமிருந்து சற்று உயரத்தில் விழும்போது, நிழல்பட்ட கன்னத்திலும் கண்ணுக்குக் கீழே சிறு முக்கோணமாக ஒளி தங்கும். படப்பிடிப்பாளர்கள் அதனை இன்றும் 'ரெம்பிராண்ட் ஒளி' என்றே வழங்குகின்றனர்.

நம் திருவனந்தபுரத்துக்கு இக்கலை அயலானதன்று. கிளிமானூரில் பிறந்த ரவிவர்மா (1848–1906) மேனாட்டு எண்ணெய் வண்ண முறையைக் கைக்கொண்டு, ஒளி நிழலால் முகத்துக்குத் திரட்சி தந்தார். அவருடைய மூல ஓவியங்களை அருங்காட்சியக வளாகத்தில் காணலாம். 1959-ல் இந்நகரில் நிழற்பட நிலையம் தொடங்கியவர் சிவன் (1932–2021). அவர் மைந்தர் சந்தோஷ் சிவன் 1991-ல் 'தளபதி' வாயிலாகத் தமிழ்த்திரைக்கு வந்தார். 1997-ல் வெளியான 'இருவர்' படத்துக்குத் தேசிய விருதும் பெற்றார். அதற்குப் பத்தாண்டு முன்னரே, 1987-ல், 'நாயகன்' படத்தை அரையிருளில் படம்பிடித்த பி. சி. ஸ்ரீராமுக்கும் அவ்விருது கிடைத்தது.

இருளால் விளையும் நன்மை யாது? நண்பகலில் சமமாகத் தோன்றும் மண்தரை, மாலைச் சாய்வெயிலில் தன் மேடுபள்ளங்களைக் காட்டுகிறது. முகமும் அவ்வாறே. நேர் எதிரே நின்று பாய்ச்சும் ஒளி சுருக்கங்களையும் எலும்பின் அமைப்பையும் அழித்து, முகத்தைத் தட்டையாக்கிவிடும். பக்க ஒளியோ அவற்றை வெளிக்கொணரும்.

நம் போன்றோருக்கு இதில் இன்னொரு செய்தியும் உண்டு. வண்ணப்படம் பரவிய காலத்தில், கோடாக் நிறுவனம் அச்சிடும் கூடங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைநிறப் பெண்ணின் முகமே இருந்தது. அம்முகத்துக்கேற்ப நிறங்களைச் சரிசெய்தனர். கருநிற முகங்கள் தெளிவிழந்தன. இன்று கைப்பேசியில் உள்ள அழகூட்டும் செயலிகள் நம்மை வெளுக்கச் செய்கின்றன. கரிய மேனியில் பக்க ஒளி படும்போது தோன்றும் பளபளப்பும் பொலிவும் வெளுத்த படத்தில் வருமா?

புகைவண்டி நிலையத்தில் பயணச்சீட்டுச் சாளரத்தின் உட்புறம் அமர்ந்து நாள்தோறும் பலநூறு முகங்களைக் காண்கிறோம். சாய்ந்த வெளிச்சம் விழும் வேளையில், நாகர்கோவிலுக்கோ நெல்லைக்கோ சீட்டுக் கேட்கும் முதியவரின் முகத்தில் ஓர் ஆயுளின் உழைப்பைப் படிக்க முடிகிறது. ஆயினும், பெரியவர் மறைந்தபின் மாலையிடப் படம் தேடுகையில், ஆதாருக்கு எடுத்த படத்தையே பெரிதாக்கி மாட்டும் நிலை பல இல்லங்களில் நேர்கிறது. ஊரைப் பிரிந்து வளரும் பேரப்பிள்ளைகள் அப்படத்தைக் கண்டு எதை அறிவார்கள்?

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. வெயில் நேரே விழாத ஒரு சன்னல் போதும். மின்விளக்குகளை அணைத்து, மற்றச் சன்னல்களை அடைத்துவிடுங்கள். சன்னலிலிருந்து இரண்டு மூன்றடி தள்ளிப் பெரியவரை நாற்காலியில் அமர்த்தி, முகத்தைச் சிறிதே ஒளியின் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். பின்புறம், சற்று விலகி, கறுப்புத் துணியோ போர்வையோ தொங்கட்டும். கைப்பேசித் திரையில் ஒளிபட்ட கன்னத்தைத் தொட்டு, வெளிச்ச அளவைக் குறையுங்கள். நிழல் மிகக் கடுமையாகத் தெரிந்தால், மறுபுறத்தில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடியுங்கள், நிழல் இளகும். கண்களில் சன்னலின் ஒளிப்புள்ளி தெரிகிறதா என்று பார்த்தபின் படம் எடுங்கள். அப்புள்ளி இல்லாவிடில் பார்வையில் உயிரிராது.

எல்லாப் படங்களுக்கும் இம்முறை பொருந்தாது. மணமக்களுக்கும் குழுப்படத்துக்கும் நல்ல வெளிச்சமே வேண்டும். அளவு மீறினால், அன்பே உருவான பாட்டியும் நாடகத்து வில்லியாகிவிடுவார்.

வரும் விடுமுறையில் ஊருக்குச் செல்லும் அன்பர்கள் ஒரு காலைப்பொழுதை இதற்கென ஒதுக்குவார்களாக. பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே, அவர்கள் நிறமும் சுருக்கமும் மாறாமல் ஒரு படம் எடுத்து வையுங்கள். அச்சிட்டு அவர்கள் கையிலும் ஒன்று கொடுங்கள்.