தேர்தலுக்கு அஞ்சும் வாதம்

பிரிட்டனின் பிரபுக்கள் சபையில் யாரும் கைவைக்கக் கூடாது என்று சென்ற இதழில் எழுதியிருக்கும் கட்டுரையாளர், அதே மூச்சில் இங்கிலாந்தின் உள்ளாட்சி மன்றங்களைக் கவுன்சிலர்களிடமிருந்து பிடுங்கி அரசு அனுப்பும் ஆணையர்களிடம் ஒப்படைக்கச் சொல்கிறார். இரண்டும் ஒரே வாதம்தான். மக்கள் தேர்ந்தெடுத்தவர்களை நம்பக் கூடாது, மேலிருந்து அமர்த்தப்பட்டவர்களை நம்பலாம் என்கிறார் அவர். ஜனநாயகத்தின் மீது இவ்வளவு அவநம்பிக்கை கொண்ட கட்டுரையை அண்மையில் நான் படித்ததில்லை.

அவசரப்பட்டு இயற்றும் சட்டங்களுக்குப் பிரபுக்கள் சபை அணை போடுகிறதாம். 1988இல் என்ன நடந்தது? வீட்டின் மதிப்பை வைத்து வசூலித்துவந்த உள்ளாட்சி வரியை ஒழித்து, ஆளுக்கு இவ்வளவு என்று தலைவரி விதிக்கும் மசோதாவை மார்கரெட் தாட்சர் அரசு கொண்டுவந்தது. வறியவர்களுக்கான தள்ளுபடி போக, ஓர் ஊரில் சீமானுக்கும் கூலித் தொழிலாளிக்கும் ஒரே தொகை. கட்டும் சக்திக்கு ஏற்ப வரி இருக்கட்டும் என்று ஆளுங்கட்சியைச் சேர்ந்த செல்வுட் பிரபுவே ஒரு திருத்தம் முன்வைத்தார். மே 23 அன்று வாக்கெடுப்பு. சபைப் பக்கமே தலைகாட்டாத பரம்பரைப் பிரபுக்கள் நாட்டுப்புற மாளிகைகளிலிருந்து திரட்டி வரப்பட்டார்கள். 317க்கு 183 என்ற கணக்கில் திருத்தம் தோற்றது. 1990 மார்ச் 31இல் டிராஃபல்கர் சதுக்கத்தில் கலவரம் வெடித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் தாட்சர் பதவியிழந்தார். 1993இல் தலைவரியும் ஒழிந்தது. வெள்ளம் வந்த அன்று மதகைத் திறந்துவிட்ட அணை இது.

1984இல் லண்டன் பெருநகர மன்றத் தேர்தலை ரத்து செய்து நியமன அமைப்பை உட்கார வைக்க அரசு முயன்றபோது பிரபுக்கள் தடுத்தார்கள் என்பது உண்மை. மறு ஆண்டே அந்த மன்றத்தை அடியோடு ஒழிக்கும் சட்டத்தை நிறைவேற்றிக் கொடுத்தவர்களும் அவர்களே. கட்டுரையாளர் முதல் பாதியை மட்டும் எழுதுகிறார்.

அடுத்தது, நிபுணர்களின் சபை என்ற பெருமை. மருத்துவர்களும் விஞ்ஞானிகளும் அங்கே இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் எத்தனை பேரை நியமிப்பது என்பது பிரதமரின் விருப்பம், உச்சவரம்பு கிடையாது. 2020இல் போரிஸ் ஜான்சன், நியமன ஆணையத்தின் ஆட்சேபத்தை மீறித் தன் கட்சியின் முன்னாள் பொருளாளரைப் பிரபுவாக்கினார். 2016இல் லிபரல் டெமாக்ரட் பரம்பரைப் பிரபு ஒருவர் இறந்தார். அந்த இடத்துக்கு நடந்த இடைத்தேர்தலில் வேட்பாளர்கள் 7 பேர், வாக்காளர்கள் 3 பேர். மூன்று வாக்குகளும் துர்சோ பிரபுவுக்கே விழுந்தன. இதில் எந்த நிபுணத்துவம் சோதிக்கப்பட்டது?

தேர்ந்தெடுக்கப்பட்ட மேல்சபை ஆட்சியை முடக்கும் என்பதற்கு 1975 ஆஸ்திரேலியாவைச் சாட்சிக்கு அழைக்கிறார். அங்கே செனட்டுக்கு நிதி மசோதாவை நிறுத்திவைக்கும் அதிகாரம் இருந்தது. பிரபுக்கள் சபை அந்த அதிகாரத்தை 1911ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இழந்துவிட்டது. இந்த அடிப்படையைக்கூடப் பாராமல் ஒப்பிடுவது வாசகரை ஏமாற்றும் வேலை.

உள்ளாட்சிக்கு வருவோம். 2023 செப்டம்பரில் பர்மிங்காம் மாநகர மன்றம் கையை விரித்தது. பெண் ஊழியர்களுக்குத் தர வேண்டிய சம ஊதிய நிலுவை, சொதப்பிய கணினித் திட்டம் என்று மன்றத்தின் சொந்தத் தவறுகள் உண்டு. ஆனால் 2010க்குப் பிறகு மத்திய அரசு மானியத்தை வெட்டியதையும், வரியை ஓர் அளவுக்கு மேல் உயர்த்தப் பொதுவாக்கெடுப்பு வேண்டும் என்று மன்றங்களின் கையைக் கட்டிப்போட்டதையும் கட்டுரையாளர் ஏன் விழுங்கிவிட்டார்? ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் வாழும் தமிழர்கள் உட்பட இங்கிலாந்தில் எல்லோரும் 1991 ஏப்ரல் வீட்டு மதிப்பின் அடிப்படையில்தான் இன்றும் கவுன்சில் வரி கட்டுகிறார்கள். வெஸ்ட்மின்ஸ்டரின் மிக உயர்ந்த பிரிவு மாளிகைக்கான வரி, ஹார்ட்டில்பூலின் நடுப்பிரிவு வீட்டுக்கான வரியைவிடக் குறைவு. இதை மாற்றும் அதிகாரம் எந்தக் கவுன்சிலருக்கும் இல்லை. அதிகாரத்தையும் பணத்தையும் லண்டனில் பூட்டி வைத்துக்கொண்டு, திவாலுக்கு மட்டும் ஊர்மன்றத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அநியாயம். பர்மிங்காமுக்கு அனுப்பப்பட்ட ஆணையர்களின் சம்பளத்தையும் அந்த ஊர்தான் கொடுத்தது. அவர்களை நீக்க அந்த ஊருக்கு வழியில்லை.

சீர்திருத்தத்துக்கு இன்னும் காலம் கனியவில்லை என்று முடிக்கிறார். பரம்பரைச் சபைக்குப் பதிலாக மக்களால் அமையும் சபை வரும் என்று 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் முகவுரையே சொல்லியிருக்கிறது. 80 சதவீத உறுப்பினர்களை மக்களே தேர்ந்தெடுக்கட்டும் என்ற 2012 மசோதாவின் கொள்கையைக் காமன்ஸ் சபை 462க்கு 124 என்று ஏற்றது. ஆளுங்கட்சியின் அதிருப்தியாளர்கள் முட்டுக்கட்டை போட்டதால் அந்த மசோதா கைவிடப்பட்டது. பிரபுக்கள் சபையின் ஓர் இடத்தைக்கூட வாக்களித்து நிரப்பும் உரிமை பிரிட்டிஷ் வாக்காளருக்கு இன்றுவரை கிடையாது.