கையில் சுற்றக் கூடாத கயிறு!

பிள்ளையைக் குதிரையேற்ற வகுப்பில் சேர்த்துவிட்டு வேலிக்கு வெளியே நின்று பார்க்கும் பெற்றோருக்கு, முதல் வாரத்திலேயே ஒரு சந்தேகம் வரும். பிள்ளையின் கையில் கடிவாள வாரையே கொடுக்கவில்லை. மைதானத்தின் நடுவில் பயிற்சியாளர் நிற்கிறார். அவர் கையில் ஒரு நீளமான கயிறு. குதிரை அவரைச் சுற்றிச் சுற்றி வருகிறது. ‘இதுக்கா இவ்வளவு ஃபீஸ்? செக்கு மாடு மாதிரி இல்ல சுத்துது!’ என்று தோன்றுவது இயல்புதான்.

இந்தப் பயிற்சிக்கு லஞ்சிங் என்று பெயர். மதியச் சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நீளக் கயிற்றைக் குறிக்கும் ஒரு பிரெஞ்சுச் சொல்லில் இருந்து வந்த பெயர் இது. 

ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவில் ஸ்பானிஷ் ரைடிங் ஸ்கூல் என்று ஒரு பள்ளி இருக்கிறது. 450 ஆண்டுகளுக்கு மேல் பழமையானது. வெள்ளை நிற லிப்பிசானர் குதிரைகளுக்குப் பேர் போனது. அங்கு வளர்ந்த குதிரையேற்றக் கலையை 2015-ல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பள்ளியிலேயே புதிதாகச் சேரும் மாணவர்கள், கடிவாள வாரும் இல்லாமல், கால் வைக்கும் அங்கவடியும் இல்லாமல், மாதக்கணக்கில் லஞ்ச் கயிற்றில்தான் பழகுகிறார்கள். விழாமல் இருக்க வாரைப் பிடித்துத் தொங்கினால் குதிரையின் வாய் புண்ணாகும். உடம்பு தானாகச் சமநிலைக்கு வந்த பிறகுதான் கைக்கு வேலை.

ஆள் ஏறாமல் குதிரையை மட்டும் சுற்ற விடுவதும் உண்டு. இளம் குதிரையைப் பழக்க, லாயத்திலேயே நின்ற குதிரையின் துள்ளலைத் தணிக்க, கால் நொண்டுகிறதா என்று பார்க்க, எல்லாவற்றுக்கும் இதுதான் வழி.

பார்க்கச் சுலபமாக இருக்கும் இந்தப் பயிற்சியில் விபத்துகளும் நடக்கின்றன. பெரும்பாலும் காரணம், குதிரையின் குணம் மட்டும் அல்ல. மாட்டிய பொருள், மாட்டிய விதம், பிடித்த விதம்.

கேட்க வேண்டிய ஒரே கேள்வி

வளர்ந்த குதிரையின் எடை சாதாரணமாக 400 முதல் 500 கிலோ. பயிற்சியாளர் 60, 70 கிலோ இருப்பார். குதிரையோ பயந்தால் முதலில் ஓடும் பிராணி. ஒரு பிளாஸ்டிக் பை காற்றில் படபடத்தாலே போதும். இழுத்துப் பிடித்து நிறுத்திவிடலாம் என்பது நடக்காத காரியம்.

அதனால் ஒவ்வொரு பொருளை மாட்டும்போதும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ‘குதிரை இப்போது மிரண்டால் இது எதில் போய்ச் சிக்கும்?’

கயிறும் கையும்

லஞ்ச் கயிறு சுமார் 8 மீட்டர் நீளம் இருக்கும். உருண்டைக் கயிறாக இல்லாமல், பட்டையான நாடாவாக இருப்பது பிடிக்க நல்லது. பருத்தி நாடா கைக்கு இதம். நைலான் வேகமாக உருவிக்கொண்டு போனால் உள்ளங்கைத் தோலையே எரித்துவிடும். எந்த நாடாவாக இருந்தாலும் கையுறை கட்டாயம். மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட வேண்டும்.

மிச்சக் கயிற்றைக் கையைச் சுற்றி வளையமாகச் சுற்றக் கூடாது. இதுதான் முதல் விதி, முக்கியமான விதி. குதிரை பாய்ந்தால் அந்த வளையம் சுருக்காக இறுகும். விரல் முறியலாம், துண்டாகலாம். மணிக்கட்டில் இறுகினால் ஆளையே தரையோடு இழுத்துக்கொண்டு போகும்.

புடவையைக் கொசுவம் வைப்பது போல, கயிற்றை முன்னும் பின்னுமாக மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொள்ள வேண்டும். குதிரை இழுத்தால் ஒவ்வொரு மடிப்பாக நழுவிப் போகும். கையைத் திறந்தால் மொத்தமும் போய்விடும். கயிற்றின் முனையில் ஒரு கைப்பிடி வளையம் தைத்திருப்பார்கள். அதற்குள் கையை நுழைக்கவே கூடாது.

கயிறு தரையில் புரள்வதும் ஆபத்து. குதிரையின் காலும் சிக்கும், பிடித்திருப்பவர் காலும் சிக்கும். அதிகம் தொய்யவும் கூடாது, விறைப்பாக இழுக்கவும் கூடாது.

தலையில் மாட்டுவது

லஞ்சிங்குக்கென்றே கேவசன் என்ற தலைப்பட்டை உண்டு. மூக்கின் மேல் வரும் பட்டையில் வளையம் இருக்கும். கயிற்றின் கொக்கியை அதில் மாட்டினால் வாய்க்கு இழுப்பு இல்லை. ஆனால், பட்டை தளர்வாக இருந்தால் கயிற்றின் இழுப்பில் தலையைச் சுற்றி நகர்ந்து, கன்னத்து வார் மறுபக்கக் கண்ணில் போய் உரசும். மாட்டியதும் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும்.

கேவசன் இல்லாத இடங்களில், வாயில் இருக்கும் கடிவாள இரும்பின் ஒரு பக்க வளையத்திலேயே கயிற்றை மாட்டிவிடுகிறார்கள். திடீரென்று இழுத்தால் அந்த இரும்பு வாய்க்குள் ஒரு பக்கமாக உருவிக்கொண்டு வரும். வாய் வலிக்கும் குதிரை நிற்காது, திமிறும்.

தொங்குவது எல்லாம் ஆபத்து

சேணத்தோடு சுற்ற விட்டால் அங்கவடிகளை மேலே ஏற்றி, ஆடாமல் கட்டிவிட வேண்டும். கழற்றிவிடுவது இன்னும் நல்லது. இரும்பு அங்கவடி விலாவில் இடித்துக்கொண்டே இருந்தால் எந்தக் குதிரைதான் பொறுக்கும்? கடிவாள வாரும் கழுத்தில் தொங்கக் கூடாது. தலையைக் குனிந்தால் முன்னங்கால் அதற்குள் போய்விடும். முறுக்கித் தொண்டை வாருக்குள் செருகிவிடலாம், அல்லது கழற்றிவிடலாம்.

சேணத்தை இறுக்கும் வயிற்று வாரை ஒரு முறை இறுக்கினால் போதாது. சில அடி நடக்க விட்டு மறுபடி பார்த்தால் ஓரிரு துளை இடம் கிடைக்கும். இதைப் பார்க்காமல் விட்டால் சேணம் சரிந்து வயிற்றுக்கு அடியில் போகும். அதோடு ஓடும் குதிரையை யாராலும் அடக்க முடியாது.

பக்க வார்கள்

கடிவாள இரும்பில் இருந்து சேணத்துக்கு இருபுறமும் மாட்டும் வார்கள் இவை. குதிரை தலையைச் சீராக வைத்துக்கொள்ள உதவும். கூடவே ஆபத்தும் அதிகம். மிகவும் குட்டையாக இழுத்துக் கட்டினால், முன்னால் போக வழி இல்லாத குதிரை பின்னங்காலில் எழுந்து மல்லாந்து விழக்கூடும்.

எனவே முதல் சில நிமிடங்கள் இல்லாமல் நடக்க விட்டு, உடம்பு தளர்ந்த பிறகுதான் மாட்ட வேண்டும். முதலில் நீளமாகவே மாட்ட வேண்டும். லாயத்தில் இருந்து கூட்டி வரும்போதும், திரும்பக் கூட்டிப் போகும்போதும், ஆள் ஏறும்போதும் இறங்கும்போதும் கழற்றியிருக்க வேண்டும்.

சவுக்கும் நிற்கும் இடமும்

நீண்ட சவுக்கு அடிப்பதற்கு அல்ல, சைகை காட்டுவதற்கு. கயிறு குதிரையின் முன்பக்கம், சவுக்கு பின்பக்கம், குதிரை எதிர்ப்பக்கம் என்று ஒரு முக்கோணம். பயிற்சியாளர் அதன் முனையில், உதை எட்டாத தூரத்தில் நிற்கிறார். குதிரையின் அருகே போகும்போது சவுக்கின் நுனி பின்னால் பார்க்கும்படி அக்குளில் இடுக்கிக்கொள்வது வழக்கம். சவுக்கு கீழே விழுந்தால், குதிரையை நிறுத்திய பிறகே குனிய வேண்டும்.

நடுவில் நிற்பவர்தான் குதிரை மேல் இல்லையே, அவருக்கு எதற்கு ஹெல்மெட் என்று கேட்கலாம். குளம்பு தலை உயரத்துக்கு எழும்பும், அதனால்தான். மூடிய ஷூவும் அவசியம். காலில் ஸ்பர் முள் இருந்தால் தடுக்கிவிடும். துப்பட்டாவுக்கும் தொங்கும் சங்கிலிக்கும் இங்கே இடமில்லை. செல்போனும் கையில் இருக்கக் கூடாது.

மிரண்டு ஓடினால்?

ஆள் இல்லாத குதிரை, வேலி அடைத்த மைதானம் என்றால் கயிற்றை விட்டுவிடுவதே புத்திசாலித்தனம். துரத்தக் கூடாது. துரத்தினால் இன்னும் ஓடும். கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அது தானாக நிற்கும்வரை காத்திருக்க வேண்டும்.

மேலே பிள்ளை உட்கார்ந்திருந்தால் கதையே வேறு. அப்போது அந்தக் கயிறுதான் பிள்ளைக்கு இருக்கும் ஒரே பிரேக். நினைத்தவுடன் விட்டுவிட முடியாது. அதனால்தான் பிள்ளைகளுக்கு வயதான, சாதுவான, லஞ்சிங்குக்குப் பழகிய குதிரையையே தருவார்கள். பிள்ளை ஏறும் முன் வெறும் குதிரையைச் சில சுற்று விட்டுப் பார்ப்பார்கள். அந்தப் பத்து நிமிடம் வீண் இல்லை. ‘நேரமாச்சு, சீக்கிரம் ஏத்துங்க’ என்று வேலிக்கு வெளியே இருந்து அவசரப்படுத்தாமல் இருப்பதே பெற்றோர் செய்யும் பெரிய உதவி.

குதிரையையும் நினைக்க வேண்டும். வட்டத்திலேயே ஓடுவது கால் மூட்டுகளுக்குப் பாரம். வட்டம் சிறிதாக ஆக, பாரம் கூடும். 15 முதல் 20 மீட்டர் அகல வட்டம், இரண்டு திசையிலும் மாற்றி மாற்றி, மொத்தம் 20 நிமிடம் போதும்.

பெற்றோர் கவனிக்க...

• பயிற்சியாளர் கையுறை, ஹெல்மெட் போட்டிருக்கிறாரா?

• கயிறு மடிப்பாக இருக்கிறதா, கையில் சுற்றியிருக்கிறதா?

• மைதானத்துக் கதவு மூடியிருக்கிறதா? தரை வழுக்காமல் இருக்கிறதா? உள்ளே வாளி, கம்பம், நாற்காலி கிடக்கிறதா?

• வயிற்று வாரை இரண்டாம் முறை பார்த்தார்களா?

• கொக்கி துருப்பிடித்திருக்கிறதா? வார்களில் வெடிப்பு, பிரிந்த தையல் தெரிகிறதா?

• பிள்ளையின் ஹெல்மெட்டுக்குத் தாடைப் பட்டை போட்டிருக்கிறதா?

இவற்றில் ஒன்று சரியில்லை என்றாலும் தயங்காமல் கேட்கலாம். நல்ல பயிற்சியாளர் கோபித்துக்கொள்ள மாட்டார். சரிசெய்துவிட்டுத்தான் பிள்ளையை ஏற்றுவார்.

குதிரையே பார்க்காத வீடுகளுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. ‘மாட்டுக் கயித்தக் கையில சுத்தாதே’ என்று கிராமத்துப் பெரியவர்கள் சொல்வதும் இதையேதான். நாயின் சங்கிலியை விரலில் சுற்றிக்கொண்டு வாக்கிங் போகிறவர்களுக்கும் அது பொருந்தும். பிராணி எதுவானாலும் கயிறு உள்ளங்கையில் இருக்கட்டும், கையைச் சுற்றி வேண்டாம்.