கைகாவலாக ஒரு கல்லூரி

நிலம் முழுவதிலும் ஒரே பயிரை இட்டுவிட்டு வானத்தைப் பார்த்திருக்கும் குடியானவரைத் துணிச்சல்காரர் என்று எவரும் புகழ்வதில்லை. மஞ்சளும் மரவள்ளியும் பயிரிடுகிற நமது அங்கத்தினர், வீட்டுத் தேவைக்கென ஒரு துண்டு நிலத்தில் ராகியோ சாமையோ விதைக்கத் தவறுவதில்லை. நெசவாளரும் தம் கூலியில் சிறு பகுதியைச் சங்கத்தில் சேமிப்பாக விட்டு வைக்கின்றார். இதனையே நம் பெரியோர் கைகாவல் என்றனர். ஆயின், இத்தனை முன்யோசனை உடையவர்களே தம் மக்களைக் கல்லூரிக்கு அனுப்பும் வேளையில் அதனை மறந்துவிடுகின்றனர் என்பதே நமது வருத்தம்.

தீர்த்தமலையைச் சுற்றியுள்ள சங்கங்களுக்குத் தணிக்கையின் பொருட்டுச் செல்லுங்கால், பிளஸ் டூ முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில் நம்மிடம் கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: “பையனுக்கு பி.காம். கிடைக்குமா?” வணிகவியலை நாடுவது நல்லதே. கணக்கும் வாணிபமும் அறிந்த பிள்ளை குடும்பத்துக்கும் துணை, சங்கத்துக்கும் துணை. ஆனால் நம் பிள்ளைகள் விரும்புவதையே ஊரெல்லாம் விரும்புகின்றது. அரசுக் கலைக் கல்லூரிகளில் முதலில் நிரம்பும் இடங்களில் பி.காம். ஒன்று. அதனால் எங்கே விண்ணப்பிப்பது என்பது, எவ்வளவு மதிப்பெண் பெற்றோம் என்பதற்கு அடுத்தபடியான பெரிய விஷயமாகிறது.

2020 ஆம் ஆண்டு முதல் அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளுக்கு இணையதளத்தின் வாயிலாக விண்ணப்பிக்கும் முறை வந்தது. 2023, 2024 ஆம் ஆண்டுகளில் பதிவுக் கட்டணம் 2 ரூபாய், விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், ஆக 50 ரூபாயில் ஐந்து கல்லூரிகள் வரை குறிப்பிடலாம் என்றிருந்தது. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 2 ரூபாயே போதும். மொழிப்பாடங்கள் நீங்கலாக நான்கு பாடங்களின் மதிப்பெண்களை 400க்குக் கூட்டித் தரவரிசை வகுக்கின்றனர். இடஒதுக்கீட்டின்படி ஒவ்வொரு பிரிவுக்கும் வரிசை ஓடுகின்றது. ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியே கலந்தாய்வு நடத்துகின்றது. ஐந்து கல்லூரிகள் என்பது ஐந்து வாய்ப்புகள். அவற்றை எவ்வாறு பங்கிடுகிறோம் என்பதில்தான் பிள்ளையின் ஓராண்டு அடங்கியிருக்கிறது.

இதில் நாம் கண்ட பிழைகள் மூன்று. முதலாவது, ஐந்து இடங்களையும் பெயர்பெற்ற கல்லூரிகளுக்கே கொடுத்துவிடுவது. 1857 இல் தோன்றிய சேலம் அரசு கலைக் கல்லூரியும், 1965 இல் தொடங்கிய தருமபுரி அரசு கலைக் கல்லூரியும் பெருமைக்குரியவை. அவற்றைக் கட்டாயம் எழுதலாம். ஆயினும் அங்கே போட்டியும் அதற்குத் தக்கதாகும். இரண்டாவது, அருகில் இருப்பதை எளிதில் கிடைப்பது என்று எண்ணுவது. அரூர் கல்லூரி நமக்கு அருகில் இருப்பது போலவே வட்டாரத்துப் பிள்ளைகள் அனைவருக்கும் அருகில் இருக்கிறது. அண்மை வேறு, உறுதி வேறு. மூன்றாவது, கல்லூரிகளை மாற்றி எழுதியும் பாடத்தை மட்டும் மாற்றாமல் ஒன்றையே பற்றி நிற்பது. பொது பி.காம். தவிர, கணினிப் பயன்பாட்டு பி.காம்., கூட்டுறவு பி.காம்., வணிக நிர்வாகம், பொருளாதாரம் ஆகியவையும் வணிகத் துறைக்கு இட்டுச் செல்லும் பாதைகளே.

அப்படியாயின் கைகாவல் கல்லூரி என்பது யாது? நான்கு சோதனைகள் கூறுவோம். சென்ற ஆண்டு அந்தப் பாடத்தில், நமது பிரிவில், கடைசியாக இடம் பெற்ற மதிப்பெண்ணைக் காட்டிலும் நம் பிள்ளையின் மதிப்பெண் தெளிவாக மேலே இருத்தல் வேண்டும். நாள்தோறும் பேருந்தில் சென்று திரும்பவோ, அல்லது விடுதியில் தங்கவோ வழி இருத்தல் வேண்டும். கடன் வாங்காமல் மூன்றாண்டும் முடிக்கக் கூடியதாக இருத்தல் வேண்டும். இறுதியாக, அங்கேதான் இடம் கிடைத்தது என்றால் பிள்ளை மனமுவந்து போய்ப் படிக்க வேண்டும். போக விருப்பமில்லாத கல்லூரியைப் பட்டியலில் எழுதுவது, முளைக்காத விதையைக் களஞ்சியத்தில் வைப்பதற்கு ஒப்பாகும். ஐந்தில் இரண்டு ஆசைக்கு, ஒன்று மதிப்பெண்ணுக்கு ஒட்டியது, இரண்டு கைகாவலுக்கு என்று பங்கிடுவது நமது அபிப்பிராயம். அமெரிக்காவில் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களும் இதே போல் மூன்று வகையாகப் பிரித்தே பட்டியல் எழுதுகின்றனர்.

“சிறிய கல்லூரியில் சேர்ந்தால் பிள்ளையின் வாழ்வு சிறுத்துவிடாதா?” என்று சிலர் கேட்கலாம். வணிகப் படிப்பைப் பொறுத்தவரை இவ்வச்சத்துக்கு ஆதாரம் குறைவு. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பெரியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, தன்னாட்சி பெறாதிருக்கும் கல்லூரிகள் அனைத்திலும் பாடத்திட்டமும் தேர்வும் பட்டமும் ஒன்றே. பி.காம். பட்டத்தில் 55 சதவீதம் பெற்றவர் பட்டயக் கணக்கர் படிப்பின் இடைநிலைக்கு நேரே செல்லலாம். இந்திய மேலாண்மைக் கழகங்களுக்கான கேட் தேர்வை எழுதப் பட்டப்படிப்பில் 50 சதவீதமும், ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகளுக்கு 45 சதவீதமும் போதும். எந்தக் கல்லூரி என்ற கேள்வி அங்கே தடையாக நிற்பதில்லை. கதவை மூடுவது சிறிய கல்லூரி அன்று. வீணாகப் போகும் ஓராண்டே.

கைகாவல் இல்லாத குடும்பம் என்ன செய்கின்றது என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். அரசுக் கல்லூரியில் இடமில்லை என்று தெரிந்ததும் அச்சம் பிடித்துக்கொள்கிறது. மஞ்சள் விற்ற பணமோ, நகையை அடகு வைத்த பணமோ ஏதேனும் ஒரு தனியார் கல்லூரிக்கு முன்பணமாகப் போகின்றது. அசல் சான்றிதழ்களும் உடன் போகின்றன. பின்னர் வேறிடம் கிடைத்தாலும் மீட்பது பெரும்பாடு. அங்கத்தினர் ஒன்றை அறிந்து வைத்தல் நலம். பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கையின்படி அசல் சான்றிதழ்களைக் கல்லூரி நிறுத்தி வைத்துக்கொள்ளலாகாது. சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாட்களோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால், ஒரு சிறு பிடித்தம் போகக் கட்டணம் முழுவதும் திரும்ப வேண்டும். நாள் செல்லச் செல்லத் தொகை குறையும். எனவே, முடிவை வாயால் சொல்லாமல் எழுத்து மூலம் கொடுத்து ரசீது பெறுக.

பெண் மக்கள் விஷயத்தில் இக்கவனம் இரட்டிப்பாக வேண்டும். ஆண்பிள்ளைக்கு இடம் தவறினால் அடுத்த ஆண்டு என்கின்றனர். பெண்ணுக்குத் தவறினால் கல்யாணம் என்கின்றனர். அவள் பட்டியலில் கைகாவல் இல்லாமற்போனால் இழப்பது ஓராண்டை அன்று, படிப்பையே.

சங்கங்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. கடன் விண்ணப்பத்தைச் சரிபார்த்துக் கொடுக்கும் செயலாளர், மே மாதத்தில் அங்கத்தினர் மக்களின் கல்லூரிப் பட்டியலையும் ஒருமுறை பார்த்துக் கொடுக்கலாகாதா? அக்கம்பக்கத்துக் கல்லூரிகளில் சென்ற ஆண்டு இடம் எந்த மதிப்பெண்ணில் நின்றது என்பதை, அங்கே பயிலும் நம் பிள்ளைகளைக் கேட்டு ஒரு தாளில் எழுதிச் சங்கப் பலகையில் ஒட்டினால் செலவு ஏதுமில்லை. சாதிச் சான்றும் வருமானச் சான்றும் முன்கூட்டியே பெற்று வைக்குமாறு நினைவூட்டுவதும் அப்படியே. ஒருவருக்குத் தெரிந்ததைப் பலருக்கும் பயன்படச் செய்வதன்றோ கூட்டுறவு? ஆசைக்கு இரண்டு கல்லூரி எழுதட்டும் நம் பிள்ளைகள். கைகாவலுக்கு இரண்டை எழுதாமல் எவரும் அந்த விண்ணப்பத்தை அனுப்ப வேண்டாம்.