கூலி கேட்டவன் துரோகியா?

விளையாட்டு காசுக்காக அல்ல, அது பண்பாட்டுக்காக என்று கனதனவான்கள் பேசும்போதெல்லாம் நாம் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். மைதானத்து வாசலில் டிக்கெட் விற்ற காசு யார் பையில் விழுகிறது?

ஹாலந்து நாட்டில் 1954-ம் ஆண்டு வரை இந்தக் கேள்விக்கு நேரான பதில் இல்லை. ஆயிரக்கணக்கான மக்கள் பணம் கொடுத்துக் கால்பந்தாட்டம் பார்த்தார்கள். கிளப்புகள் வசூலித்தன. ஆடியவன் மட்டும் கூலி வாங்கக் கூடாது! வாங்கினால் அவன் தேசியக் குழுவுக்குத் தகுதியற்றவன். இதற்கு 'அமெச்சூர் லட்சியம்' என்று பெயர். தகப்பன் சொத்தில் சாப்பிடுகிறவனுக்கு இந்த லட்சியத்தால் நஷ்டமில்லை. காலையில் வேலைக்குப் போய், மாலையில் பந்து உதைத்து, காலொடிந்தால் வேலையையும் இழக்கிறவன் கதி என்ன? இதைப் பற்றிச் சம்மேளனத்துக் கனவான்கள் கவலைப்படவில்லை.

பிராம் அப்பெல் என்ற முன்வரிசை ஆட்டக்காரரின் வாழ்க்கையைப் பார்த்தால் இந்த லட்சியத்தின் லட்சணம் விளங்கும்.

அப்பெல் 1921-ல் பிறந்தவர். 1940-ல் ஹிட்லரின் சேனை ஹாலந்தை விழுங்கியது. அந்நாட்டு உழைப்பாளிகள் லட்சக்கணக்கில் ஜெர்மனிக்குக் கட்டாய வேலைக்கு ஓட்டிச் செல்லப்பட்டார்கள். அப்பெலும் பெர்லினுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே ஹெர்த்தா என்ற கிளப்பில் ஆடினார். போட்ட சட்டை மாறியதே தவிர, அடிமைத்தனம் மாறவில்லை.

யுத்தம் முடிந்து நாடு திரும்பியவர் 1948-ல் லண்டன் ஒலிம்பிக்கில் ஹாலந்துக்காக ஆடினார். பிரிட்டனிடம் 4-3 என்று தோற்ற ஆட்டத்தில் இரண்டு கோல்கள் அவருடையவை. அடுத்த ஆண்டே பிரான்சில் ரெய்ம்ஸ் நகரத்துக் குழு கூலி கொடுத்து அழைத்தது, போனார். அதே 1949-ல் ஃபாஸ் வில்க்கெஸ் இத்தாலியின் இன்டர் மிலான் குழுவுக்குப் போனார். இன்னும் பலர் எல்லை தாண்டினார்கள். இவர்கள் எல்லோருக்கும் சம்மேளனம் தேசியக் குழுவின் கதவை அடைத்தது.

இந்தோனேஷிய மக்களை ஒடுக்க ராணுவத்தை அனுப்பி, 1949 இறுதியில் வேறு வழியின்றி அதிகாரத்தைக் கைமாற்றிய தேசம் அது. காலனியில் ரத்தம் சிந்த வைத்ததில் தேசத்தின் மானம் போகவில்லையாம். பந்து உதைத்துக் கூலி வாங்கியதில் போய்விட்டதாம்!

ரெய்ம்ஸ் குழு 1950-ல் பிரெஞ்சுக் கோப்பையையும், 1953-ல் பிரான்சின் சாம்பியன் பட்டத்தையும் வென்றது. அங்கே அப்பெலுடன் ஆடியவர்களில் ஒருவர் ரேமோன் கோபா. போலந்திலிருந்து வந்து குடியேறிய சுரங்கத் தொழிலாளி குடும்பத்துப் பிள்ளை. தானே சுரங்கத்தில் வேலை செய்து விரலில் ஊனம் பட்டவர். கூலி கிடைத்ததும் விடுதலை கிடைத்துவிட்டது என்று யாராவது நினைத்தால் அவர் கதையைக் கேட்கட்டும். பிரான்சில் அக்காலத்து ஒப்பந்தம் ஆட்டக்காரனை 35 வயது வரை கிளப்போடு கட்டிப் போட்டது. விற்றால் போக வேண்டும். விற்காவிட்டால் இருக்க வேண்டும். நாங்கள் அடிமைகள் என்று 1963-ல் கோபா பகிரங்கமாகச் சொன்னார். அதற்காகத் தண்டிக்கப்பட்டார். அந்த ஒப்பந்த முறை 1969-ல்தான் ஒழிந்தது. ஹாலந்தில் கூலியே இல்லை. பிரான்சில் கூலி உண்டு, விலங்கும் உண்டு. முதலாளித்துவ விளையாட்டின் இரண்டு முகங்கள் இவை.

1953 ஜனவரி 31-ம் தேதி இரவு கடல் கரையை உடைத்தது. ஹாலந்தில் மட்டும் 1,836 பேர் மாண்டார்கள். கரைகள் பலவீனமானவை என்று நீரியல் பொறியாளர் யோகான் வான் வேன் முன்பே எச்சரித்திருந்தார். அவர் எச்சரிக்கை அரசாங்கத்தின் காதில் ஏறவில்லை. மக்கள் வீட்டுக் கூரைகளில் ஏறி உயிருக்குப் போராடினார்கள்.

பிரான்சில் இருந்த அப்பெலும், நீம் நகரத்தில் ஆடிய தியோ டிம்மெர்மான்சும் சும்மா இருக்கவில்லை. வெளிநாடுகளில் ஆடும் டச்சு ஆட்டக்காரர்களைத் திரட்டி, பிரெஞ்சுத் தேசியக் குழுவோடு ஓர் ஆட்டம் நடத்தி, வசூலை வெள்ளத்தில் தவிப்பவர்களுக்குக் கொடுப்போம் என்றார்கள். யாருடைய 'பணத்தாசை' நாட்டுக்கு இழுக்கு என்று சொல்லப்பட்டதோ, அவர்கள்தான் இப்படி முன்வந்தார்கள். சம்மேளனமோ முதலில் முகத்தைத் திருப்பிக் கொண்டது. பிணங்கள் மிதக்கும்போதும் அமெச்சூர் சாஸ்திரம்! இளவரசர் பெர்ன்ஹார்டின் ஆதரவு கிடைத்த பிறகே வழி திறந்தது. ஓர் உதவி ஆட்டத்துக்கு அரண்மனையின் தயவு தேவைப்பட்டதைப் பாருங்கள்.

மார்ச் 12-ம் தேதி பாரிசில் ஆட்டம் நடந்தது. ஹாலந்திலிருந்து ஆயிரக்கணக்கான ரசிகர்கள் திரண்டு போனார்கள். சேர்ந்து பயிற்சி செய்யவே அவகாசமில்லாத குழு. எதிரே பிரான்சின் தேசியக் குழு. முடிவு 2-1. கோல் போட்டவர்கள் அப்பெலும் பெர்ட்டஸ் டி ஹார்டெரும். ஒதுக்கப்பட்டவர்கள் ஜெயித்தார்கள்! சம்மேளனத்தின் அமெச்சூர் குழு அந்த ஆண்டுகளில் தோல்வி மேல் தோல்வி கண்டுகொண்டிருந்ததை மக்கள் அறிவார்கள். இதைப் பார்த்த பிறகு அவர்களை ஏமாற்ற முடியுமா?

அடுத்த ஆண்டு, கூலி கொடுக்கும் போட்டிச் சங்கம் ஒன்று கிளம்பியது. 1954 ஆகஸ்ட் 14-ம் தேதி அல்க்மார் நகரில் முதல் தொழில்முறை ஆட்டம். அந்த ஆண்டு நவம்பரில் பழைய சம்மேளனம் பிடிவாதத்தை விட்டுப் புதிய சங்கத்தோடு இணைந்தது. ஆனால் கனவான்கள் மனம் மாறிவிட்டதாக எண்ண வேண்டாம். ஆட்டக்காரர்களும் பார்வையாளர்களும் கையைவிட்டுப் போய்விடுவார்கள் என்ற பயமே காரணம். கூலியும் சொற்பம்தான்; பெரும்பாலோர் பகலில் வேறு வேலை பார்த்துக்கொண்டே ஆடினார்கள்.

அப்பெல் சுவிட்சர்லாந்தில் லோசான் குழுவில் ஆடிவிட்டுத் தாயகம் வந்தார். நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த லிம்பர்க் மாகாணத்து ஃபோர்ட்டுனா 54 குழுவில் சேர்ந்தார். 1957-ல் அக்குழு நாட்டின் கோப்பையை வென்றது. மூடிய தேசியக் குழுவின் கதவும் திறந்தது. பின்னர் பயிற்சியாளராகி, 1963-ல் ஐந்தோவன் நகரத்துக் குழுவான பி.எஸ்.வி.யைச் சாம்பியனாக்கினார். 1997-ல் காலமானார்.

ஒலிம்பிக்கில் ஆடிய 26 வயதுக்காரன், மீண்டும் நாட்டுச் சட்டையைப் போடும்போது முப்பதைத் தாண்டிவிட்டான். இடையில் போன ஆண்டுகளுக்கு எந்தச் சம்மேளனம் நஷ்ட ஈடு கொடுத்தது? ஒரு முன்வரிசை ஆட்டக்காரனுக்கு அவை உழைப்பின் உச்சமான ஆண்டுகள் அல்லவா?

கூலி வந்த பிறகும் ஒப்பந்தத்தை எழுதும் பேனா கிளப்புகளின் கையில்தான் இருந்தது. ஆகவே 1961-ல் ஹாலந்து ஆட்டக்காரர்கள் தங்களுக்கென ஒரு தொழிற்சங்கம் அமைத்தார்கள். அந்தச் சங்கத்தின் பெயரில் 'ஒப்பந்த ஆட்டக்காரர்' என்ற சொல் இருக்கிறது. அமெச்சூர் என்ற சொல் இல்லை.