யோகமும் தொழிலாளியும்

யோகாப்பியாசத்தைப் பற்றி நமது அபிப்பிராயம் என்னவென்று தோழர்கள் சிலர் கேட்கின்றார்கள். 2014-ம் வருஷம் டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபை ஜூன் 21-ந் தேதியை யோகா தினமென்று தீர்மானித்தது முதல், வருஷந்தோறும் மந்திரிகளும் அதிகாரிகளும் மைதானத்தில் பாய் விரித்துப் படம் எடுத்துக்கொள்ளுகிறார்கள். ஆகவே திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் இக்கேள்வி எழுவதில் ஆச்சரியமில்லை.

உடம்பை வளைத்து நிமிர்த்துவதும், மூச்சை மெதுவாக இழுத்து அதைவிட மெதுவாக விடுவதும் நல்லதா என்றால், நல்லதுதான். மூச்சு நிதானப்பட்டால் நாடி தணிகிறது. மனப்படபடப்பும் சற்று அடங்குகிறது. தன் தோளும் இடுப்பும் எங்கே இறுகிக் கிடக்கின்றன என்று மனிதன் கவனிக்கப் பழகுகிறான். இதற்கு மந்திரம் எதற்கு? குருவின் காலில் விழுவது எதற்கு? எந்த ஜாதியான், எந்த மதத்தான் மூச்சு விட்டாலும் நுரையீரல் ஒரே மாதிரியாகத்தானே வேலை செய்கின்றது!

ஆனால் நம் நாட்டில் ஒரு நல்ல காரியமும் புரட்டைச் சுமக்காமல் வெளியில் வருவதில்லை. இருதயத்தையே நிறுத்திக் காட்டுவோம் என்ற யோகிகளை வெங்கர், பாக்சி, ஆனந்த் என்னும் மூன்று விஞ்ஞானிகள் கருவி வைத்துச் சோதித்து, முடிவை 1961-ல் வெளியிட்டார்கள். மூச்சை அடக்கி நெஞ்சையும் வயிற்றையும் இறுக்கியதால் நாடி கைக்குத் தட்டுப்படவில்லை. காதுக்கும் சத்தம் எட்டவில்லை. கருவியிலோ இருதயம் துடித்துக்கொண்டேயிருந்தது. 1966-ல் பம்பாயில் எல்.எஸ். ராவ் என்னும் ஹடயோகி தண்ணீர்மேல் நடப்பதாகச் சொல்லி, டிக்கெட் வாங்கி வந்த கூட்டத்தின் முன் தொட்டியில் கால் வைத்தார். வைத்தவர் நேரே அடிக்குப் போய்ச் சேர்ந்தார். டிக்கெட் வாங்கியவர்களுக்காவது புத்தி வந்திருக்குமென்று நம்புகிறோம்.

இப்பொழுது வேறொரு புரட்டு கிளம்பியிருக்கின்றது. தொழிலாளிக்குச் சோர்வா, கோபமா, தூக்கமின்மையா, எல்லாவற்றிற்கும் மூச்சுப் பயிற்சி செய் என்கின்றார்கள். உருக்காலையின் உலைக்கு முன் நிற்பவனையும், ஒரு வாரம் பகலும் மறு வாரம் இரவுமாக ஷிப்டு மாறுகின்றவனையும், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து ஒரே அறையில் பலராய்ப் படுத்தெழுகின்றவனையும் பார்த்து, உடலையும் மனதையும் சமநிலையில் வை என்றால், அது யோசனையா, பரிகாசமா? அவன் மனம் கெட்டதால் தூக்கம் போகவில்லை. தூக்கம் போனதால் மனம் கெடுகின்றது.

யோகம் தன்னையறியச் செய்யும் என்பது மெய்யானால், தொழிலாளி அதில் முதலாவதாக அறியக்கூடியது என்ன? இந்த உடம்பு இவ்வளவு நேர வேலையைத் தாங்காது என்பதுதான். அதை அறிந்தவன் சும்மாயிருப்பானா? 2023 ஏப்ரல் 21-ந் தேதி தினம் 12 மணி நேர வேலைக்கு இடங்கொடுக்கும் மசோதா நமது சட்டசபையில் நிறைவேறிற்று. தொழிற்சங்கங்கள் ஒன்றாய் எதிர்த்தன. மே 1-ந் தேதி அது வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார். அந்தப் பத்து நாளில் தொழிலாளியின் உடம்புக்குக் கிடைத்த நன்மையை எந்த ஆசனம் கொடுத்திருக்கும்?

ஆகையால் விருப்பமுள்ள தோழர்கள் தாராளமாகச் செய்யட்டும். ஆனால் இரவு வேலை முடித்து வருகிறவர்கள் முதலில் தூங்கட்டும். தலைகீழாய் நிற்கும் ஆசனத்தை மட்டும் இரத்தக் கொதிப்புள்ளவர்களும், கண்ணில் நீரழுத்த வியாதியுள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். அந்த நிலையில் கண்ணின் அழுத்தம் வெகுவாய் ஏறுகிறது.