அரை நாள் யாத்திரை

கும்பகோணத்துக் குடும்பங்களில் ஒரு விசித்திரம் உண்டு. காசிக்குப் போய் வந்தவர்கள் ஏராளம். தாராசுரத்தைச் சாவகாசமாகப் பார்த்தவர்கள் அபூர்வம். தூரம் என்னவோ 3 மைலுக்குள்தான்! "பக்கத்தில்தானே இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் போகலாம்" என்பார்கள், போகமாட்டார்கள்.

பூஜை அறையிலுள்ள குத்துவிளக்கு நாச்சியார்கோவில் சரக்கு. வீட்டு அம்மாள் வெள்ளிதோறும் அதைப் பாதம், தண்டு, அகல், உச்சியிலுள்ள அன்னம் என்று மறை கழற்றி, புளியிட்டுத் துலக்கி, மறுபடியும் பூட்டுகிறாள். அவற்றைத் தனித்தனியே வார்த்துக் கடையும் பட்டறைகள் ஏறக்குறைய 6 மைலில் இருக்கின்றன. முப்பது வருஷமாக விளக்கோடு பழகியும் அவள் அவற்றைக் கண்டதில்லை. காப்பியும் சமையலும் பாத்திரமும் முடிவதற்குள் பள்ளிக்கூடம் விட்டுவிடுகிறதே! வீட்டு ஆண்மக்களோ காரியார்த்தமாக அவ்வூர்களுக்கெல்லாம் போய்வந்து, "அங்கே என்ன இருக்கிறது?" என்கிறார்கள்.

என்ன இருக்கிறதா? சுவாமிமலையில் மெழுகினால் உருவம் செய்து, காவேரி வண்டல் மண்ணைப் பூசி உலர்த்தி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கிறார்கள். மண்ணை உடைத்தால் நடராஜர்! ஓர் அச்சுக்கு ஒரே விக்கிரகந்தான். தாராசுரத்தில், இரண்டாம் ராஜராஜன் 12-ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த ஐராவதேசுவரர் ஆலயத்தில், குதிரை பூட்டிய கல்ரதமும், நாயன்மார் 63 பேருடைய சரித்திரமும் சிற்பங்களாக இருக்கின்றன. 2004-ல் யுனெஸ்கோவே அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டாயிற்று; நம் வீட்டார் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

வரும் ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாளை அழைத்துக்கொண்டு புறப்படலாமே! "புளியோதரை கட்டிக்கொண்டு போவோம்" என்று மட்டும் யோசனை சொல்லாதீர்கள். அதைக் கிளறுவது யார்? அன்றைக்கு ஹோட்டல் சாப்பாடு.