எஸ்பிரஸோவும் வீட்டு மிஷினும்

நம் வீட்டு பில்டருக்குப் பொறுமை அதிகம். வெந்நீர் சொட்டுச் சொட்டாக இறங்குவதால், பொடி சற்றுக் கரகரப்பாயிருந்தாலும் டிகாக்ஷன் சாரமாகவே விழும். 1901-ல் மிலான் நகரத்து லூயிஜி பெஸ்ஸேரா பேட்டண்டுக்கு விண்ணப்பித்த எஸ்பிரஸோ யந்திரத்தின் வம்சத்துக்கோ பொறுமை கிடையாது. இக்காலத்து யந்திரம் காற்று மண்டலத்தின் அழுத்தத்தைப்போல் சுமார் 9 மடங்கு அழுத்தத்துடன் வெந்நீரைச் செலுத்தி, 25, 30 விநாடிக்குள் காரியத்தை முடித்துவிடும். பொடி பருமனாயிருந்தால் நீர் பத்தே விநாடியில் ஓடிவிடும். கோப்பையில் புளித்த தண்ணீர்தான் மிஞ்சும்.

கடைசி எண் வரை திருகியும் மிஷின் நைஸாக அரைக்கவில்லையா? உடனே புது மிஷினுக்குப் பணம் எண்ணிவிட வேண்டாம். உள்ளே பல் வெட்டிய இரண்டு வளையங்கள் இருக்கின்றன. அவற்றின் இடைவெளி எவ்வளவோ, அவ்வளவே பொடியின் நயம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேல் வளையத்தைக் கழற்றிப் பாருங்கள். பழைய பொடி அடைத்திருந்தால் வளையம் சரியாக உட்காராது. பிரஷ்ஷினால் துடைத்தாலே பாதி வியாதி தீரும். சில மிஷின்களில் அவ்வளையத்தைத் தாழ்த்த உள்ளேயே தனி எண்கள் உண்டு. வேறு சிலவற்றில் மெல்லிய வாஷர் வைத்து இடைவெளியைக் குறைக்கலாம். பிறகு கொட்டையின்றி ஓட்டி, வளையங்கள் உரசும் சப்தம் கேட்டதும் ஒரு படி பின்வாங்குங்கள். அதற்குமேல் ஆசைப்பட்டால் பல் மழுங்கும்.

கத்தி சுழன்று வெட்டும் மிஷினாயிருந்தால் வீண் பிரயாசை வேண்டாம். தூளும் துண்டமும் கலந்து விழுவது அதன் பிறவிக் குணம். அந்தப் பொடியை பில்டரில் போட்டுச் சந்தோஷமாகக் காப்பி சாப்பிடுங்கள்!